வெள்ளி தேடிய வழி: கரிசல் கிணறு முதல் ஜாவர் மலை வரை

முன்னுரை

எங்கள் ஊர் இளையரசனேந்தல். கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவில் வட்டாரத்தைத் தொட்டுக் கிடக்கும் கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் மண். மழை பொய்த்தால் நிலம் வெடிக்கும். மழை பெய்தால் கால் புதையும். இத்தகைய ஊரில் மண்ணுக்கு அடியில் மனிதன் தேடுவது ஒன்றே ஒன்றுதான், அது தண்ணீர்.

கடந்த கோடை விடுமுறையில் என் சித்தப்பா தம் புஞ்சையிலுள்ள பழைய கிணற்றை ஆழப்படுத்தினார். மேலே கரிசல், அதன் கீழே சுக்கான், அதற்கும் கீழே உளுத்த பாறை, பிறகு கெட்டிப் பாறை. ஏறத்தாழ அறுபதடி ஆழத்தில் வெடி வைத்தபோது, கரும்பாறையின் நடுவே ஒரு முழ அகலத்தில் வெள்ளைக் கல் வரி ஒன்று வெளிப்பட்டது. அதில் தகடு தகடாக ஏதோ ஒன்று வெயிலில் பளபளத்தது. அன்று மாலைக்குள், 'கிணற்றில் வெள்ளி விழுந்துவிட்டது' என்று ஊரெங்கும் பேச்சாகிவிட்டது.

மூன்றாம் நாள் வெளியூர் ஆசாமி ஒருவர் வந்தார். கல்லைக் கையில் உருட்டிப் பார்த்தார். "இது அசல் வெள்ளிச் சுரங்கம். முதலில் பதிவு செய்கிறவருக்கே உரிமை. ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சித்தப்பாவிடம் பணம் இல்லை. சித்தியின் கழுத்தில் நகை இருந்தது. அடகு வைப்பதற்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய இரவு சித்தப்பா ஒரு கல்லை எடுத்துத் துண்டில் சுற்றி என்னிடம் தந்து, "எய்யா, நீ படிக்கிற படிப்புல இது என்னன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

நிலவியலை முதன்மைப் பாடமாகப் படிக்கும் மாணவனாகிய எனக்கு அவ்வினா ஒரு தேர்வாகவே அமைந்தது. அதற்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெள்ளி இயற்கையில் கிடைக்கும் விதம்

வெள்ளியின் அணு எண் 47. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.5 கிராம். 962 பாகை செல்சியஸில் உருகும். மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்துவதில் உலோகங்கள் அனைத்திலும் இதுவே தலைசிறந்தது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் கறுக்கும். நம் வீட்டுக் கொலுசும் குத்துவிளக்கும் கறுப்பது இதனால்தான்.

புவியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்கு ஏறத்தாழ 0.08 கிராம் வெள்ளி உண்டு என்பர். அப்படியானால் எங்கள் கிணற்றுப் பாறையிலும் அணுவளவு வெள்ளி இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது செல்வமன்று. டன்னுக்கு 100 கிராம் உள்ள தாதுவாக அது திரள வேண்டுமானால், இயற்கை அதனை ஆயிரம் மடங்குக்கு மேல் செறிவாக்கியிருக்க வேண்டும். இச்செறிவு எங்கே, எவ்வாறு நிகழ்ந்தது என்று காண்பதே கனிமத் தேடலின் சாரம்.

பாறைகளின் ஆழத்தில் ஓடும் வெந்நீரே இச்செறிவைச் செய்யும் வேலையாள். உப்பு நிறைந்த வெந்நீர் பாறைகளிலிருந்து ஈயம், துத்தநாகம், செம்பு, வெள்ளி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு வெடிப்புகளின் வழியே நகர்கிறது. குளிர்ந்த இடத்தில், அல்லது கந்தகம் கிடைத்த இடத்தில், சுமந்து வந்ததை இறக்கி வைக்கிறது. கடலடியில் இது நிகழ்ந்தால் படுகையாகவும், பாறை வெடிப்பில் நிகழ்ந்தால் நரம்பு போன்ற வரியாகவும் தாது அமைகிறது.

தனி உலோகமாக வெள்ளி கிடைப்பது அருமை. நார்வே நாட்டின் காங்ஸ்பெர்க் சுரங்கம் அதற்குப் பெயர் பெற்றது. அங்கே 1623ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட வெள்ளி, 1957 வரை தோண்டப்பட்டது. கந்தகத்தோடு கூடிய ஆர்ஜென்டைட் என்னும் தாதுவில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளி உண்டு. ஆயினும் உலகச் சந்தைக்கு வரும் வெள்ளியில் பெரும்பங்கு ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் ஆகியவற்றின் தாதுக்களிலிருந்து உடன்விளைவாகவே கிடைக்கிறது. குறிப்பாக, கலீனா எனப்படும் ஈயக் கந்தகத் தாதுவுக்குள் வெள்ளி ஒளிந்து வருவது மிகுதி. ஆகவே வெள்ளியைத் தேடுகிறவன் பளபளக்கும் வெள்ளைக் கல்லைத் தேடுவதில்லை. கனமான சாம்பல் நிறக் கல்லையே தேடுகிறான். இவ்வுண்மையை எங்கள் ஊருக்கு வந்த ஆசாமி அறிந்திருக்கவில்லை. அல்லது அறிந்தும் மறைத்தார்.

இரும்புத் தொப்பி

புதைந்து கிடக்கும் தாதுவைப் பழங்கால மக்கள் எவ்வாறு கண்டறிந்தனர்? துளையிடும் இயந்திரமோ ஆய்வுக்கூடமோ இல்லாத காலத்தில் அவர்களுக்கு வழிகாட்டியது நிலத்தின் நிறமே.

கந்தகத் தாதுக்கள் தரைமட்டத்தை எட்டும் இடத்தில் மழைநீரும் காற்றும் அவற்றைச் சிதைக்கின்றன. கந்தகம் அமிலமாகிக் கரைந்தோடுகிறது. துத்தநாகமும் அதனோடு பெரிதும் போய்விடுகிறது. எஞ்சுவது துருப்பிடித்த இரும்பு. செம்மையும் மஞ்சளும் கருமையும் கலந்து, தேன்கூடு போல் துளைகள் நிறைந்த இப்பாறையை நிலவியலார் 'கோசான்' என்பர். 'இரும்புத் தொப்பி' என்று நாம் சொல்லலாம். தொப்பியைக் கண்டால் அடியில் தலை இருக்கலாம் என்பது தேடுவோர் கணக்கு.

சிதையும்போது வெள்ளியும் ஓரளவு கரைந்து கீழிறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டி மறுபடியும் படிகிறது. குளோரினோடு சேர்ந்து மெழுகு போன்ற 'கொம்பு வெள்ளி'யாக மேற்பகுதியிலேயே தங்குவதும் உண்டு. இதனால்தான் பல சுரங்கங்களில் மேலடுக்கு மிகுந்த செல்வமாகவும், ஆழம் செல்லச் செல்ல வெள்ளி குறைந்தும் காணப்படுகின்றன. மேலடுக்கை மட்டும் கண்டு கணக்கிட்டவர்கள் பலர் கைப்பொருளை இழந்தனர்.

ஜாவர்: நம் நாட்டின் முன்னோடி

இந்தியாவில் வெள்ளியின் வரலாற்றைப் படிக்க விரும்புவோர் இராஜஸ்தானத்தின் ஆரவல்லி மலைகளுக்குச் செல்ல வேண்டும். உதயப்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஜாவர் உள்ளது. மோச்சியா, பலாரியா, ஜாவர் மாலா, பரோய் என்னும் குன்றுகளில், பழமையான டாலமைட் பாறைக்குள் கலீனாவும், ஸ்ஃபாலரைட் எனும் துத்தநாகத் தாதுவும் படிந்துள்ளன.

இங்குள்ள பழஞ்சுரங்கங்களில் கிடைத்த மரத்துண்டுகளைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, அவற்றுள் சில கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தவை எனத் தெரியவந்தது. நம் நாட்டில் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் புழங்கத் தொடங்கிய காலத்தோடு இது ஒட்டி வருகிறது என்பது நோக்கத்தக்கது. வடக்கேயுள்ள ராஜ்புரா தரிபாவிலும், ராம்புரா ஆகுச்சாவிலும் அதுபோன்ற பழந்தோண்டல்கள் உள்ளன. தரிபாவில் முன்னோர் 200 மீட்டரையும் தாண்டிய ஆழம்வரை இறங்கியிருக்கிறார்கள். பாறை முகத்தில் விறகை அடுக்கித் தீ மூட்டுவர். வெப்பத்தால் விரிந்து வெடித்த பாறையை இரும்பு உளியால் பெயர்ப்பர். வெடிமருந்து இல்லாத காலத்தில் இதுவே முறை. புகை சூழ்ந்த இருட்டில், மரத்தூண்களின் துணையை மட்டும் நம்பி இறங்கிய அம்மக்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரித்த முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. தாதுவை உருக்கி ஈயக்கட்டி எடுப்பர். வெள்ளியும் அதனுள் இருக்கும். அதனைச் சாம்பலால் செய்த குழிக்கலத்தில் இட்டுக் காற்று ஊதிச் சுடுவர். ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, கலத்தால் உறிஞ்சப்படும். ஆக்சைடாகாத வெள்ளி மட்டும் ஓர் ஒளிமணியாய் எஞ்சும். நம் பொற்கொல்லர் 'புடமிடுதல்' என்று சொல்லும் தொழிலோடு உறவுடைய இம்முறை, இன்றும் ஆய்வுக்கூடங்களில் தாதுவிலுள்ள வெள்ளியை அளக்கப் பயன்படுகிறது.

ஜாவர் பின்னாளில் துத்தநாகத்தால் உலகப் புகழ் எய்தியது. துத்தநாகம் 907 பாகையில் ஆவியாகிவிடும். ஆகவே திறந்த உலையில் அது கைக்கு அகப்படாது. ஜாவர் மக்கள் கத்தரிக்காய் வடிவில் மண்குடுவை செய்து, தாதுவைக் கரியோடு அடைத்து, வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துச் சுட்டு, இறங்கும் ஆவியைக் குளிர்ந்த கீழறையில் பிடித்தனர். 1983இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஆகிய மூன்றின் அறிஞர்கள் சேர்ந்து செய்த அகழாய்வில், ஒவ்வொன்றிலும் 36 குடுவைகள் கொண்ட உலைகள் சிதையாமல் கிடைத்தன. ஐரோப்பாவில் துத்தநாக உருக்காலை 18ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த மேவார் மன்னர் லாக்காவின் காலத்தில் இச்சுரங்கங்கள் செழித்ததாக மரபு கூறும். பின்னர் போரும் பஞ்சமும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் அடியோடு நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஈயமும் துத்தநாகமும் தேவைப்பட்டபோதுதான் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை மீண்டும் ஜாவரை ஆராய்ந்தது. 1966இல் இந்துஸ்தான் ஜிங்க் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பெற்றது. 2002இல் தனியார் கைக்கு மாறியது. 1977இல் ராம்புரா ஆகுச்சாவின் பெரும் படிவம் கண்டறியப்பட்டது. இன்று இராஜஸ்தானத்தின் சிந்தேசர் குர்த் சுரங்கமே நாட்டில் வெள்ளி தருவதில் முதலிடம் வகிக்கிறது. 2023-24 நிதியாண்டில் இந்நிறுவனம் தந்த வெள்ளி 746 டன். ஆயினும் நம் நாட்டின் தேவைக்கு இது போதாது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் வெள்ளி இறக்குமதியாகிறது.

முளை அடித்தவனுக்கே உரிமை

'முதலில் பதிவு செய்கிறவருக்கே உரிமை' என்று அந்த ஆசாமி சொன்னது முழுப் பொய்யன்று. வேறு நாட்டில், வேறு காலத்தில் அது உண்மையாக இருந்தது.

அமெரிக்காவின் நெவாடா மலைகளில் 1859இல் தங்கம் அரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கருநீலச் சேறு பெருந்தொல்லையாக இருந்தது. அதை வாரி வெளியே கொட்டினர். யாரோ ஒருவர் அச்சேற்றைச் சோதனைக்கு அனுப்பியபோது அது உயர்ந்த வெள்ளித் தாது என்று தெரியவந்தது! காம்ஸ்டாக் படிவம் என்று உலகம் அறிந்தது இதுவே. நிலத்தில் முளையடித்து எல்லை குறித்தவர் 'என்னுடையது' எனலாம் என்பது அங்கு வழக்கம். ஆனால் தாது வரி நிலத்துக்கடியில் சாய்ந்து பிறர் எல்லைக்குள் புகும்போது அது யாருடையது? இவ்வழக்குகளால் வழக்கறிஞர்கள் கொழுத்தனர். 1872ஆம் ஆண்டு அமெரிக்கச் சுரங்கச் சட்டம் ஒரு வரிக்கு 1,500 அடி நீளமும், இருபுறமும் 300 அடி அகலமும் என்று அளவு வகுத்தது. தன் பெயரையே அப்படிவத்துக்குத் தந்த ஹென்றி காம்ஸ்டாக்கோ தம் பங்கைச் சில ஆயிரம் டாலருக்கு விற்றுவிட்டு, 1870இல் வறுமையில் மாண்டார்.

ஆஸ்திரேலியாவின் பிரோக்கன் ஹில் கதை நம் பகுதி மாணவர்க்கு இன்னும் நெருக்கமானது. அங்குள்ள பாறையும் நம்முடையது போன்ற உருமாறிய நைஸ் வகையாகும். ஆட்டுப் பண்ணையில் வேலி காத்த சார்லஸ் ராஸ்ப் என்பவர், கருத்துத் துருவேறிய ஒரு குன்றைக் கண்டு வெள்ளீயம் என்று கருதி, 1883 செப்டம்பரில் முளையடித்தார். பண்ணையைச் சேர்ந்த எழுவர் பங்கு போட்டனர். முதற் சோதனைகளில் சிறிதளவே வெள்ளி தெரிந்தது. மனம் தளர்ந்தோர் தம் பங்குகளை மலிவாக விற்றனர். 1885இல் கொம்பு வெள்ளி வெளிப்பட்டது. அவ்வாண்டே பிரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி என்னும் நிறுவனம் பிறந்தது, இன்று பி.எச்.பி. என வழங்கும் உலகப் பெருநிறுவனத்தின் தொடக்கம் அதுவே. ராஸ்ப் கண்டது இரும்புத் தொப்பி. அவர் நினைத்தது வெள்ளீயம். அடியிலிருந்தது ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும். கண்டவர் எல்லாரும் அறிந்தவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

நம் நாட்டில் முளையடிக்கும் முறை செல்லாது. எங்கள் ஊர் ஒரு காலத்தில் ஜமீன். 1948ஆம் ஆண்டு சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, அரசு ஏற்ற ஜமீன் நிலங்களோடு அவற்றின் சுரங்கங்களும் கனிமங்களும் அரசைச் சேர்ந்தன. வேறு வகை நிலங்களைப் பொறுத்தவரை வேறு நிலையும் உண்டு. கேரளத்தின் மலபார் நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், சட்டம் ஒன்று பறித்திராவிட்டால் அடிநிலக் கனிமம் நிலத்துக்கு உரியவரையே சேரும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் கனிமம் யாருக்குரியதாயினும், அதனைத் தேடவும் தோண்டவும் 1957ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அனுமதியின்றித் தோண்டுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சுரங்கக் குத்தகைகளை ஏல முறைக்குக் கொண்டுவந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், ஆழத்தில் கிடக்கும் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம், ஈயம் முதலிய கனிமங்களுக்கெனத் தனியே ஒரு தேடல் உரிமத்தை ஏற்படுத்தியது. அதுவும் ஏலத்தின் வழியே தரப்படுவது. ஆகவே, ஐம்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு தனிமனிதர் ஒரு குடியானவனுக்கு வெள்ளிச் சுரங்கம் 'பதிவு செய்து' தர முடியாது என்பது தெளிவு.

தமிழகத்தில் வெள்ளி உண்டா?

உண்டு, ஆனால் தனியாக இல்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மாமண்டூரில் துத்தநாகம், ஈயம், செம்பு ஆகியவற்றின் கந்தகத் தாதுக்களோடு வெள்ளியும் காட்மியமும் கலந்துள்ளதை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை ஆராய்ந்து அறிந்துள்ளது. மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளில் இத்தாது அமைந்திருப்பது நிலவியலாரின் கவனத்தைக் கவர்ந்தது. அண்டை மாநிலத்துக் கோலார் தங்க வயலிலும், 2001இல் மூடப்படும்வரை, தங்கத்தோடு சிறிதளவு வெள்ளி கிடைத்துவந்தது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்றோர் ஊர் உண்டு. குமரி மாவட்டத்திலும் அப்பெயருடைய மலை உண்டு. பெயரைக் கொண்டு தாதுவைக் கணிப்பது கூடாது. தமிழில் வெள்ளி என்பது வெண்மையையும் விடிவெள்ளியையும் கூடக் குறிக்கும் சொல்லன்றோ? கயிலையையும் நாம் வெள்ளிமலை என்றே போற்றுகிறோம்.

எங்கள் பகுதியைப் பொறுத்தவரை, மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை இராபர்ட் புரூஸ் ஃபுட் ஆராய்ந்து 1883இல் வெளியிட்டார். பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர் இவரே. தக்காணத்துக் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து பிறந்தது. எங்கள் கரிசலுக்கு அடியில் எரிமலைப் பாறை இல்லை. நைஸ், சார்னோக்கைட் போன்ற பழம்பாறைகளே உள்ளன. மழை குறைந்த தட்பவெப்பத்தில் அவை சிதைந்து, நீரை உறிஞ்சிப் பருக்கும் களிமண்ணாக மாறியதே எங்கள் கரிசல்.

எங்கள் கல்லைச் சோதித்த முறை

இனி, துண்டில் சுற்றிய கல்லுக்கு வருவோம். எங்கள் துறை ஆசிரியரிடம் அதைக் காட்டினேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. "நீயே சோதித்துவிட்டு வந்து சொல்" என்றார். நான்கு சோதனைகள் செய்தேன். பெரிய கருவி எதுவும் வேண்டாத அவற்றைப் பிற துறை நண்பர்களும் செய்து பார்க்கலாம். அமிலச் சோதனையை மட்டும் ஆசிரியர் முன்னிலையில் செய்தல் வேண்டும்.

முதலாவது, நகத்தால் பெயர்த்தல். பளபளப்பான பகுதி மெல்லிய தகடாக உரிந்தது. வளைத்துவிட்டால் மீண்டும் நிமிர்ந்தது. வெள்ளித் தகடு வளைத்தால் வளைந்தபடியே நிற்கும்.

இரண்டாவது, கீறல் நிறம். மெருகற்ற பீங்கான் ஓட்டில் தேய்த்தேன். வெண்ணிறப் பொடியே வந்தது. கலீனாவாயின் கருஞ்சாம்பல் கோடும், தனி வெள்ளியாயின் ஒளிரும் வெள்ளிக் கோடும் விழுந்திருக்கும்.

மூன்றாவது, ஒப்படர்த்தி. கல்லின் எடை காற்றில் 270 கிராம். நூலில் கட்டி நீரில் அமிழ்த்தியபோது 170 கிராம். நீரில் குறைந்தது 100 கிராம். 270ஐ 100ஆல் வகுக்க 2.7. தூய வெள்ளிக்கு இது 10.5, கலீனாவுக்கு 7.5. குவார்ட்ஸும் அப்பிரகமும் கலந்த கல்லுக்கோ 2.7 மிகப் பொருத்தம்.

நான்காவது, நைட்ரிக் அமிலச் சோதனை. பொடியை நீர்த்த அமிலத்தில் சூடாக்கி வடிகட்டி, உப்புக் கரைசல் சில துளிகள் விட்டேன். வெள்ளி இருந்தால் தயிர்போல் வெண்மை திரண்டு, வெயிலில் கறுத்து, அம்மோனியாவில் கரையும். ஈயம் இருந்தாலும் வெண்மை தோன்றக்கூடும். ஆனால் அது வெந்நீரில் கரைந்துவிடும். எங்கள் கல்லின் கரைசல் தெளிந்தபடியே இருந்தது.

முடிவு: அக்கல் பெக்மடைட் என்னும் வரிப்பாறை. உருகிய பாறைக்குழம்பின் கடைசிப் பகுதி வெடிப்புகளில் புகுந்து இறுகும்போது பெரிய பெரிய படிகங்களாக அமைவது அது. பளபளத்தது அப்பிரகம், ஊர் வழக்கில் காக்காப்பொன்.

முடிவுரை

அன்று மாலையே ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சித்தப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரிய்யா, உங்க சித்திட்ட சொல்லிருதேன்" என்றார். நகை வீட்டிலேயே இருந்தது. அந்த ஆசாமி மறுபடி வந்தபோது, "கல்லைச் சோதித்த சீட்டு இருந்தால் காட்டுங்கள்" என்று சித்தப்பா கேட்டாராம். போனவர் திரும்பவில்லை.

ஆசிரியர் என்னை ஒரு சொல்லில் திருத்தியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். "எங்கள் ஊரில் வெள்ளி இல்லை" என்று என் சோதனைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு, "இந்தக் கல்லில் வெள்ளி தென்படவில்லை" என்று எழுதினார். ஒரு கல்லைக் கொண்டு ஒரு நிலப்பரப்பைப் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை எனக்கு இல்லை. அதற்கு வரைபடம் வேண்டும். மண் மாதிரிகள் வேண்டும். மின், காந்த அளவீடுகள் வேண்டும். இறுதியாக வைர முனைத் துளையிட்டு எடுத்த பாறைத்தண்டு வேண்டும். மாமண்டூரிலும் ஜாவரிலும் அறிஞர்கள் அவ்வாறே உழைத்தனர். உண்டு என்று சொல்ல எவ்வளவு சான்று தேவையோ, இல்லை என்று சொல்லவும் அவ்வளவு சான்று தேவை.

நம் கல்லூரியில் பயில்வோரிற் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். நம் வீடுகளில் கிணறு வெட்டுகிறார்கள்; ஆழ்துளை இறக்குகிறார்கள்; நிலம் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். மண்ணைப் பற்றிய ஏதோ ஒரு வினாவோடு யாரேனும் நம்மிடம் வருவர். அவர்கள் நம்மிடம் கொண்டுவரும் கல்லை வாங்கிப் பார்ப்போம்; தெரிந்ததைச் சோதித்துச் சொல்வோம்; தெரியாததை ஆசிரியரிடமும், மாவட்டந்தோறும் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்திலும் கேட்டுச் சொல்வோம்.

கிணற்றின் வேலை அதன் பின்னரும் பதினைந்து அடி நடந்தது. வெள்ளை வரியும் கரும்பாறையும் சேரும் பொருத்தின் வழியே நீர் கசிந்து வந்தது. பாறை வெடிப்பில்தான் நீர் ஓடும் என்பது வகுப்பில் படித்த பாடம். இவ்வாண்டு சித்தப்பா அந்தத் தண்ணீரில் அரை ஏக்கர் மிளகாய் போட்டிருக்கிறார்.